புது லேஅவுட்ல பார்க் கொண்டு வரணுமா? ஊஞ்சல் விலை கேக்குறதுக்கு முன்னாடி இதப் படிங்க

புறநகர்ல மனை வாங்கி வீடு கட்டிக் குடி வந்தவங்களுக்கு மொத ரெண்டு மூணு வருஷம் ரோடு, போர் தண்ணி, ஈபி, கழிவுநீர்னு ஓடிடும். அப்புறம் ஒருநாள் பசங்க தெருவுல சைக்கிள் ஓட்டிட்டு இருக்கும்போது தண்ணி லாரி ரிவர்ஸ்ல வர்றதப் பாத்துட்டு யாராவது குரூப்ல கேப்பாங்க, ஏங்க நம்ம லேஅவுட் நோட்டீஸ்ல பச்சையா பார்க்னு போட்டிருந்தாங்களே, அது எங்கங்கன்னு. உடனே நாப்பது பேர் கை கும்பிடுற படம் போடுவாங்க, ஒருத்தர் சறுக்குமரம் போட்டோ போடுவாரு, இன்னொருத்தர் ஓபன் ஜிம் கம்பெனி நம்பர் போடுவாரு, ஒரு வாரத்துல எல்லாம் அடங்கிடும்.

அடங்காம மேல கொண்டு போகணும்னு நெனைக்கிறவங்களுக்குத்தான் இது. சென்னைக்குத் தெக்க மேடவாக்கம், சித்தாலப்பாக்கம், வண்டலூர், கூடுவாஞ்சேரி பக்கம் இருக்குற லேஅவுட்டுங்கள மனசுல வச்சு எழுதுறேன், விதி எல்லாம் தமிழ்நாடு முழுக்க ஒண்ணுதான், மண்ணும் மழையும் மட்டும் உங்க ஊருக்குத் தகுந்தாப்ல மாத்திக்கோங்க. இன்னொண்ணு, வரிசை முக்கியம். பத்திரம், தண்ணி, அங்க வரப்போற ஆளுங்க, நிழல், மாசாமாசம் செலவுக்குக் காசு, இதெல்லாம் முடிஞ்சு கடைசியாத்தான் இரும்புச் சாமான். நெறைய இடத்துல இத தலைகீழா பண்றாங்க, அதான் ரெண்டு வருஷத்துல துருப்பிடிச்ச ஊஞ்சலும் முழங்கால் அளவு தண்ணியும்தான் மிஞ்சுது.

1. நிலம் யார் பேர்ல இருக்குன்னு பாருங்க

நோட்டீஸ்ல இருக்குற படத்த நம்பாதீங்க, அப்ரூவல் வரைபடத்தப் பாருங்க. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 சொல்றது இதுதான்: லேஅவுட் 3,000 சதுர மீட்டரத் தாண்டிச்சுன்னா ரோடு போக மீதி நிலத்துல 10 சதவீதம் பொது உபயோகத்துக்கு விடணும். இதத்தான் எல்லாரும் ஓஎஸ்ஆர் (ஓபன் ஸ்பேஸ் ரிசர்வேஷன்) நிலம்னு சொல்றது. 3,000லேந்து 10,000 சதுர மீட்டர் வரைக்கும் உள்ள லேஅவுட்ல அந்த அளவுக்கு இடம் விட வழியில்லன்னா அதுக்கு உண்டான கைடுலைன் மதிப்ப (அரசு நிர்ணயிச்ச நில மதிப்பு) காசா கட்டிடலாம். 10,000 சதுர மீட்டருக்கு மேல, அதாவது ரெண்டரை ஏக்கர் கிட்ட போயிடுச்சுன்னா காசு கட்டித் தப்பிக்க முடியாது, நிலமாத்தான் விடணும், அதையும் உள்ளாட்சி பேருக்கு தானப் பத்திரமா ரிஜிஸ்டர் பண்ணிக் குடுக்கணும். அகலம் 10 மீட்டருக்குக் குறையக் கூடாதுன்னு வேற இருக்கு, இல்லன்னா மூலையில ஒரு வாலு மாதிரி நிலத்த விட்டுட்டு பார்க்னு பேர் எழுதிடுவாங்க.

கணக்கு போட்டுப் பாப்போம். உங்க லேஅவுட் 5 ஏக்கர்னு வச்சுக்கோங்க. ரோட்டுக்கு 28 சதவீதம் போச்சுன்னா மீதி 3.6 ஏக்கர், அதுல 10 சதவீதம் 36 சென்ட், சதுர அடியில 15,700 கிட்ட, ஆறரை கிரவுண்டு. நெனைச்சத விடப் பெரிய இடம். இந்தக் கட்டுரை முழுக்க இந்த 36 சென்ட்டயே உதாரணமா வச்சுக்குறேன், கிட்டத்தட்ட 150 அடிக்கு 105 அடி.

வரைபடம் எங்க கெடைக்கும்னா, சென்னைப் பெருநகர எல்லைக்குள்ள சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), வெளிய டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்), ரெண்டுமே அப்ரூவல் குடுத்த லேஅவுட்டுங்கள ஆன்லைன்ல போடுறாங்க. 2017க்கு அப்புறம் போட்ட லேஅவுட்னா ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) தளத்துலயும் தேடலாம். அந்தப் படத்துல பார்க் எந்த சர்வே நம்பர்ல வருதுன்னு குறிச்சுக்கிட்டு பதிவுத்துறை தளத்துல அந்த சர்வே நம்பருக்கு ஈசி (வில்லங்கச் சான்று) போட்டுப் பாருங்க. உள்ளாட்சி பேருக்கு தானப் பத்திரம் பதிவானது அதுல தெரியணும். தெரியலன்னா அங்கதான் உங்க வேலையே ஆரம்பிக்குது. சில சமயம் தானம் பதிஞ்சிருக்கும் ஆனா பட்டா இன்னும் பழைய ஓனர் பேர்லயே இருக்கும், இது ரொம்ப சகஜம், இருபது வருஷம் கழிச்சு அந்த ஓனரோட பேரன் வந்து வேலி போடுறது இப்பிடித்தான். அதனால பட்டாவ உள்ளாட்சி பேருக்கு மாத்தச் சொல்லி தாசில்தார் ஆபீஸ்ல மனு குடுக்கணும், அத உள்ளாட்சியே குடுக்கணும், நீங்க பின்னாடி நின்னு நடக்குதான்னு பாத்துக்கணும்.

உள்ளாட்சியில கேட்டா ஃபைல் இல்லம்பாங்க. அப்ப ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போடுங்க, 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி பொதுத் தகவல் அலுவலருக்கு, 30 நாள்ல பதில் வரணும், வரலன்னா மேல்முறையீடு. கேள்விய சுருக்கமா கேளுங்க: இன்ன லேஅவுட் அப்ரூவல் நம்பர்ல ஒதுக்கின ஓஎஸ்ஆர் நிலத்தோட தானப் பத்திர எண், தேதி, நகல். அவ்ளோதான். ஏன் பார்க் போடலன்னு அதுல கேக்காதீங்க, ஏன்ங்கற கேள்விக்கு அவங்க பதில் சொல்ல வேண்டியதில்ல, கையில இருக்குற ஆவணத்தத்தான் குடுக்கணும்.

உங்க லேஅவுட் அப்ரூவலே இல்லாம போட்டு, அப்புறமா வரன்முறை (பின்னாடி கட்டணம் கட்டி முறைப்படுத்துறது) பண்ணினதுன்னா பார்க்னு ஒரு இடமே காகிதத்துல இல்லாம இருக்கலாம். அப்ப வேற வழி பாக்கணும், பக்கத்துல இருக்குற புறம்போக்குல கேக்கலாம், ஆனா ஏரி, குளம், ஓடை புறம்போக்க மட்டும் பார்க்கா மாத்தச் சொல்லிக் கேக்காதீங்க, நடக்காது, நடக்கவும் கூடாது. ஏரிக்கரையில நடைபாதையும் ரெண்டு வரிசை மரமும் கேளுங்க, அதுக்கு ஆதரவு கெடைக்கும்.

நிலம் உறுதியானதும் எல்லைய அளந்து கல்லு போட்டு வேலி போடுறதுதான் மொத செலவு. சர்வேயர வரச் சொல்லி நாலு மூலையிலயும் கல் நட்டுடுங்க. காலியா கெடந்தா என்னென்ன வரும்னு உங்களுக்கே தெரியும், கட்டிடக் குப்பை, கார் பார்க்கிங், ஒரு ஷெட், மேல்நிலைத் தொட்டி, ரேஷன் கடை, கடைசியா ஒரு சின்ன பிள்ளையார். பிள்ளையார் வந்துட்டா அப்புறம் எதிர்த்து கையெழுத்துப் போட ஒருத்தரும் வர மாட்டாங்க, அதனால அவர் வர்றதுக்கு முன்னாடியே வேலி வரணும். கோயிலோ அங்கன்வாடியோ வேண்டாம்னு சொல்லல, அதுக்கு வேற எடம் பாக்கட்டும், பார்க் இடம் பார்க்குக்குத்தான்.

சட்டம் உங்க பக்கம் பலமாத்தான் இருக்கு. பெங்களூர்ல ராஜ்மஹால் விலாஸ் எக்ஸ்டென்ஷன்ல பார்க்குக்கு ஒதுக்கின இடத்த தனியார் ஆஸ்பத்திரி கட்டக் குடுத்தாங்க, அங்க குடியிருந்தவங்க கேஸ் போட்டாங்க, 1991ல உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாதுன்னு சொல்லிடுச்சு. நம்ம ஊர் ஓஎஸ்ஆர் விதியையே எதிர்த்து போட்ட வழக்குலயும் 2023 பிப்ரவரில உச்ச நீதிமன்றம் விதி செல்லும்னு தீர்ப்பு குடுத்துருக்கு. மனு எழுதும்போது இந்த ரெண்டையும் ஒரு வரில சேத்துக்கோங்க, படிக்கிற அதிகாரி கொஞ்சம் நிமிந்து உக்காருவாரு.

2. யார் கதவத் தட்டணும்

இது ஏரியாவுக்கு ஏரியா மாறும். ஊராட்சின்னா தலைவர், ஊராட்சிச் செயலர், அதுக்கு மேல பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்). பேரூராட்சின்னா செயல் அலுவலர். நகராட்சி, மாநகராட்சின்னா கவுன்சிலர், வார்டு இன்ஜினியர், கமிஷனர். நீங்க தனி ஆளா போறத விட நலச்சங்கமா போங்க, 1975 சங்கங்கள் பதிவுச் சட்டத்துல 7 பேர் இருந்தாலே பதியலாம். பதிவு எண் போட்ட லெட்டர்பேடுக்கு ஒரு மரியாதை இருக்கத்தான் செய்யுது.

ஊராட்சிப் பகுதின்னா கிராம சபை பெரிய ஆயுதம். வருஷத்துக்கு 6 தடவ, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. லேஅவுட்ல இருக்குறவங்க யாரும் போறதில்ல, லீவு நாள்னு தூங்கிடுறோம், அப்புறம் ஊராட்சி நம்மள கண்டுக்க மாட்டேங்குதுன்னு புலம்பல். ஒரு முப்பது பேர் போய் உக்காந்து பார்க் வேணும்னு தீர்மானமா எழுத வைங்க, தீர்மான நம்பர வாங்கிட்டு வாங்க. நகர்ப்புறத்துல இதே மாதிரி பகுதி சபை இருக்கு.

காசுக்கு மூணு நாலு வழி உண்டு. உள்ளாட்சியோட சொந்த நிதி, எம்எல்ஏ தொகுதி நிதி, கம்பெனிகளோட சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு நிதி), அப்புறம் நமக்கு நாமே திட்டம். கடைசியா சொன்னதுல மக்கள் பங்கா மூணுல ஒரு பங்கு கட்டினா மீதிய அரசு போடும். லேஅவுட் ஆளுங்களுக்கு இது ரொம்பப் பொருத்தம், ஏன்னா நூறு வீடு சேந்தா மூணுல ஒரு பங்கு ஒண்ணும் பெரிய மலையில்ல, அதோட நம்ம காசு உள்ள போயிருக்குன்னா வேலை நடக்கும்போது கேள்வி கேக்குற தைரியம் தானா வரும். எந்தக் காசா இருந்தாலும் நிலம் உள்ளாட்சியோடது, அவங்க அனுமதி எழுத்துல இல்லாம ஒரு குழி கூட தோண்டாதீங்க.

3. ஒரு மழைக்காலம் முழுக்க இடத்தப் பாருங்க

அவசரப்படுறவங்க இதத்தான் விட்டுடுறாங்க, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம்னு தோணுது. லேஅவுட் போடும்போது எந்த இடம் தாழ்வா இருக்கோ, எது விக்காதோ, அதத்தான் பெரும்பாலும் பார்க்குக்குத் தள்ளிவிடுவாங்க. தெற்குப் புறநகர்ல பாதி லேஅவுட் ஒருகாலத்துல ஏரிப் பாசனத்துல இருந்த வயல், அடியில களிமண்ணு. சுத்தி எல்லா வீடும் மூணடி மண்ணு கொட்டி ஏத்திட்டாங்க, ரோடையும் ஒவ்வொரு தடவையும் பழசச் சுரண்டாம மேல மேல போட்டு ஏத்திட்டாங்க, நடுவுல பள்ளமா நிக்கிறது பார்க் ஒண்ணுதான், ஐப்பசி கார்த்திகையில அது குளமாகாம வேற என்ன ஆகும்.

36 சென்ட் மேல ஒரே நாள்ல 10 சென்டிமீட்டர் மழை பேஞ்சா அந்த இடத்துல விழுற தண்ணி மட்டும் சுமார் 1,45,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி 12 லோடு. தெருவுலேந்து வர்றது தனி. நவம்பர், டிசம்பர்ல நம்ம பக்கம் 10 சென்டிமீட்டர்ங்கறது அதிசயமே இல்ல. இந்தத் தண்ணிக்கு ஒரு வழி சொல்லாம போடுற எந்த பிளானும் வெறும் படம்தான்.

செய்ய வேண்டியது கஷ்டமில்ல. மழை பேஞ்ச அன்னிக்கும் மறுநாளும் மூணாம் நாளும் போய் தண்ணி எங்க நிக்குது, எதுவரைக்கும் நிக்குதுன்னு போட்டோ எடுத்து வைங்க. மேஸ்திரிங்க வச்சிருக்குற டியூப் லெவல் வச்சு ரோட்டுக்கும் நிலத்துக்கும் எவ்ளோ வித்தியாசம்னு பாத்து எழுதுங்க. நாலு எடத்துல மூணடி குழி தோண்டிப் பாருங்க, பாதிக்குப் பாதி கட்டிட இடிபாடு, சிமெண்ட் மூட்டை, உடைஞ்ச டைல்ஸ்தான் வரும், வீடு கட்டினவங்க எல்லாரும் அங்கதான கொட்டினாங்க. அத எடுக்காம மேலாப்ல செம்மண்ணத் தூவி மரம் நட்டா மூணாவது வருஷம் மஞ்சளாகி நின்னுடும்.

பள்ளத்த முழுசா மண்ணு கொட்டி ரொப்பணும்னு ஒரு குரூப் கெளம்பும். வேண்டாம். நீங்க ஏத்துனா அந்தத் தண்ணி அடுத்த தெரு வீட்டுக்குள்ள போகும். சென்னை மாநகராட்சி சில பார்க்குங்கள ஸ்பாஞ்ச் பார்க்னு பண்ணிட்டு வருது, அதாவது மழைத்தண்ணிய வெளிய தள்ளாம உள்ளயே வாங்கி தேக்கி நிலத்துக்குள்ள விடுறது. அதே யோசனைய சின்னதா நீங்களும் பண்ணலாம். ஒரு பக்கம் ரெண்டடி தாழ்வா ஒரு பள்ளம், சரிவு மெதுவா, குழந்தை உருண்டாலும் அடிபடாத மாதிரி, அதுக்குள்ள ரெண்டு மூணு உறைக் கிணறு, கூழாங்கல் போட்டு. தண்ணி நிறைஞ்சு வழியிற லெவலுக்கு ஒரு பைப்ப மழைநீர் வடிகாலோட சேத்துடுங்க. மழை விட்டு மூணு நாளுக்குள்ள தண்ணி இறங்கிடணும், அதுக்கு மேல நின்னா கொசு, ஏன்னா முட்டை கொசுவா பறக்க ஒரு வாரத்துக்கு மேல ஆகும், அதுக்குள்ள காஞ்சுட்டா பிரச்சனை இல்ல. களிமண்ணு ரொம்ப கெட்டியா இருந்து இறங்கவே இல்லன்னா உறைக் கிணத்த மணல் வர்ற ஆழம் வரைக்கும் கொண்டு போகணும், அது எத்தன அடின்னு உள்ளூர்ல கிணறு வெட்டுறவருக்கு தெரியும், இன்ஜினியர விட அவர்கிட்ட மொதல்ல கேளுங்க. கோடையில அதே பள்ளம் பசங்களுக்கு விளையாட்டு இடம்.

4. அங்க ஏற்கனவே யார் இருக்காங்க

காலி நிலம்னு நாம சொல்றோம், ஆனா அங்க போய் சாயங்காலம் 5 மணிக்கு நின்னு பாருங்க. கிரிக்கெட் நடந்துட்டு இருக்கும். நம்ம லேஅவுட் வர்றதுக்கு முன்னாடிலேந்தே பக்கத்து ஊர்ப் பசங்க ஆடுற இடமா இருக்கும். நாம போய் வேலி போட்டு புல்லு வச்சு, பந்து விளையாடக் கூடாதுன்னு போர்டு மாட்டினா என்ன ஆகும்? மொத வாரம் லைட் உடையும், ரெண்டாவது வாரம் வேலி வளையும், அப்புறம் குரூப்ல ‘வெளி ஆளுங்க’னு ஒரு பேச்சு ஆரம்பிக்கும், கேக்கவே சகிக்காது. தானப் பத்திரம் உள்ளாட்சிக்குக் குடுத்த நிமிஷமே அது பொது இடம், ஊர்க்காரங்களுக்கும் நமக்கும் சம உரிமை, சங்கத்துக்கிட்ட சாவி இருக்குறதால சொந்தம் ஆயிடாது. இத மொத மீட்டிங்லயே சொல்லிடுங்க, மனக்கசப்பு வந்தாலும் பரவால்ல.

அதனால பிளான்லயே கிரிக்கெட்டுக்கு இடம் விடுங்க. 150க்கு 105 அடியில பாதிய ஒண்ணும் வைக்காம வெறும் தரையா விட்டுடலாம், பிட்ச் 66 அடிதான், டென்னிஸ் பால் ஆட்டத்துக்கு தாராளம். வீடுங்க இருக்குற பக்கம் உயரமா ஒரு வலை கட்டிட்டா ஜன்னல் கண்ணாடி தப்பிக்கும். வெறும் தரைய யாரும் போட்டோ எடுத்துப் போட மாட்டாங்க, ஆனா பார்க்லயே அதிக நேரம் ஆள் இருக்குற இடம் அதுதான். ஆள் நடமாட்டம் இருந்தா ராத்திரி பாட்டில் கூட்டம் தானா வேற இடம் பாத்துக்கும்.

மத்தவங்கள எண்ணிப் பாருங்க. காலையில 6 மணிக்கு நடக்குறவங்க, 11 மணிக்கு வீட்டு வேலை முடிச்சுட்டு அடுத்த வீட்டுக்குப் போறதுக்கு நடுவுல உக்கார இடம் தேடுற அக்காங்க, மதியம் டெலிவரி பசங்க, 4 மணிக்கு பேரக் குழந்தையத் தூக்கிட்டு வர்ற பாட்டிங்க. கூகுள் ஃபார்ம் அனுப்புனா இவங்கள்ல பாதிப் பேர் பதில் போட மாட்டாங்க, ஃபார்ம் நிரப்புறவங்க எல்லாரும் ஷட்டில் கோர்ட் கேக்குறவங்களாத்தான் இருப்பாங்க. நேர்ல போய் நின்னு பேசுங்க. பொண்ணுங்ககிட்ட தனியா கேளுங்க, பத்து வயசு தாண்டின பொண்ணுங்க ஏன் வர்றதில்லன்னு அவங்களே சொல்லுவாங்க, மூலையில ஒரே ஒரு கேட், பக்கத்துல பைக்க நிறுத்திட்டு உக்காந்திருக்குற கூட்டம், இருட்டு, டாய்லெட் இல்ல. ரெண்டு கேட், எதிரெதிர் பக்கத்துல வைங்க. முழு காம்பவுண்ட் சுவர் எழுப்பாதீங்க, ரெண்டடி சுவர் மேல கிரில், தெருவுல போறவங்களுக்கு உள்ள என்ன நடக்குதுன்னு தெரியணும்.

5. தரையில கோடு போட்டு நடந்து பாருங்க

படத்த பேப்பர்ல போட்டா யாருக்கும் அளவு பிடிபடாது. ஒரு மூட்டை சுண்ணாம்புத் தூள் வாங்கி நடைபாதை இங்க, பெஞ்ச் இங்க, விளையாட்டு இடம் இங்கன்னு நிலத்துலயே நிஜ அளவுல கோடு போட்டுடுங்க. ரெண்டு வாரம் அப்பிடியே விட்டு ஜனங்கள நடக்க விடுங்க. நீங்க வளைவா போட்ட எடத்துல அவங்க குறுக்கால நடந்து ஒரு தடம் விழுந்திருக்கும், அந்தத் தடத்தயே பாதையா வச்சுக்கோங்க. பின்னாடி பூச்செடிக்கு வேலி கட்டி அவங்கள வளைச்சு அனுப்பப் பாக்குறது வெட்டி வேலை.

ஓரத்துலேந்து 5 அடி உள்ள தள்ளி சுத்திப் பாதை போட்டா 470 அடி வரும், 7 ரவுண்டு அடிச்சா 1 கிலோமீட்டர், வாக்கிங் ஆளுங்களுக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும். அகலம் 6 அடியாவது வேணும், ரெண்டு பேர் பேசிட்டே போக. இப்ப எல்லா ஊர்லயும் கூழாங்கல் பதிச்ச 8 வடிவ நடைபாதை ஒண்ணு கேப்பாங்க, கேட்டா போட்டுடுங்க, இடமும் அதிகம் பிடிக்காது, பெரியவங்களுக்கு சந்தோஷம். பேவர் பிளாக் போட்டா அடியில கான்கிரீட் போட விடாதீங்க, ஜல்லியும் மணலும் போதும், தண்ணி இறங்கணும்ல. கேட்ல ஆறு இஞ்ச் படி இருந்தா 6 அடி நீளத்துக்கு சாய்தளம் வேணும், ஒண்ணுக்கு பன்னெண்டுங்கறதுதான் வீல்சேருக்கு உண்டான சரிவு. பைக் உள்ள வரக் கூடாதுன்னு சுத்து கேட் போடுறாங்க, அதுல வீல்சேரும் போகாது, குழந்தை வண்டியும் போகாது. நடுவுல 3 அடி இடைவெளி விட்டு ரெண்டு கல் தூண் நட்டா வீல்சேர் போகும். பைக்கும் போகும்பாங்க, போகத்தான் செய்யும், அதுக்கு பேச்சுதான் மருந்து.

6. மரம்

மரத்த மொத கட்டத்துலயே நட்டுடணும், நிழல் வர அஞ்சு வருஷம் ஆகும், ஊஞ்சல் ஒருநாள்ல வந்துடும். இப்பிடி இருக்க எல்லாரும் ஊஞ்சல மொதல்ல வாங்குறாங்க.

மேக்குப் பக்கமும் தென்மேக்குப் பக்கமும் பெரிய மரம் வரணும், சாயங்கால வெயிலத் தடுக்க. 2016 டிசம்பர் 12 வர்தா புயல்ல சென்னையில சாஞ்ச மரங்கள்ல குல்மோகர், தூங்குமூஞ்சி, பெருங்கொன்றை மாதிரி வெளியூர் மரங்கதான் நெறைய. சீக்கிரம் வளரும், பூ அழகா இருக்கும், காத்துக்குத் தாங்காது. நம்ம மரங்க நெறைய இருக்கு: புங்கன் நல்ல நிழல், தண்ணி நின்னாலும் தாங்கும். வேம்பு மேட்டுல வைங்க. பள்ளத்து ஓரம் நீர்மருது, நாவல். ஈசிஆர் பக்கம் மணல் தரைன்னா புன்னை, பூவரசு. பூவரசு போத்து வெட்டி நட்டாலே வந்துடும், செலவே இல்ல, பசங்க இலையில பீப்பீ ஊதக் கத்துக்குவாங்க. மகிழம் ரொம்ப மெதுவா வளரும் ஆனா ஒண்ணாவது வைங்க, பொறுக்குறதுக்கு பூ வேணும். ஆலும் அரசும் சுவர்கிட்ட வேண்டாம், தென்னை விளையாட்டு இடத்துக்கு மேல வேண்டவே வேண்டாம். காண்ட்ராக்டர் கோனோகார்பஸ்ங்கற வெளிநாட்டு மரத்தக் கொண்டு வந்தா திருப்பி அனுப்பிடுங்க, குஜராத் 2023லயே தடை பண்ணிடுச்சு, தமிழ்நாடும் 2025ல தடை போட்டுருச்சு, இன்னும் சில நர்சரில வேற பேர் சொல்லி விக்கிறாங்க.

நடுறது ஆகஸ்ட், செப்டம்பர்ல. ஐப்பசி அடைமழையில களிமண்ணுல நட்டா வேர் அழுகிடும், மழைக்கு முன்னாடியே கொஞ்சம் வேர் பிடிச்சிருக்கணும். குழி மூணடிக்கு மூணடி, மூணடி ஆழம், செம்மண்ணு, மக்கின சாணி எரு. கன்னு பசுமைத் தமிழ்நாடு இயக்கத்துல, வனத்துறை நர்சரில கேளுங்க. ஆறடி உயரக் கன்னு எடுங்க, சின்னத ஆடு முடிச்சுடும். மியாவாக்கி (மரங்கள நெருக்கமா நட்டு வளக்குற குட்டிக் காடு) போடலாமான்னு கேப்பாங்க, ஆறரை கிரவுண்டு பார்க்ல நடுவுல போட்டா உள்ள யார் இருக்கான்னே தெரியாத புதராயிடும், மேக்கு வேலி ஓரமா ஒரு பட்டையா போட்டா சரி. கொரியன் புல்லு வேண்டாம், அது குடிக்கிற தண்ணிக்கு இருவது மரம் வளத்துடலாம்.

மொத ரெண்டு கோடைக்கு யார் தண்ணி ஊத்துறாங்கன்னு பேர் எழுதி வைங்க. தெருவுக்கு நாலு மரம்னு பிரிச்சுக் குடுத்தா பொழைக்கும், எல்லாருக்கும் எல்லா மரமும்னா மார்ச் மாசம் எல்லாமே காஞ்சுடும்.

7. கடைசியா சாமான்

இது சீக்கிரம் முடிஞ்சுடும். இரும்பு சறுக்குமரம் மேக்குப் பாத்து இருந்தா குழந்தை தொடை வெந்துடும், வடக்குப் பாத்து நிழல்ல வைங்க. ஊஞ்சல் கம்பி 8 அடி உயரம்னா முன்னாடி 16 அடி, பின்னாடி 16 அடி காலியா இருக்கணும், அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தோட விளையாட்டுத் திடல் வழிகாட்டி சொல்ற கணக்கு அது, நம்ம ஊர்ல ஊஞ்சலுக்குப் பின்னாடியே சுவர் இருக்கும். கீழ கான்கிரீட், டைல்ஸ் கூடாது, ஒரு அடி ஆழத்துக்கு மணல், வாரத்துக்கு ஒருக்கா கிளறி விடணும், பூனை வேலை பாத்திருக்கும். ஓபன் ஜிம்முக்கு ஆர்டர் குடுக்கும்போது பேரிங் மாத்த யாரு வருவாங்கன்னு எழுத்துல வாங்குங்க.

லைட்டு 12 அடிக்கு மேல போகாதீங்க, மரம் வளந்ததும் லைட்டு இலைக்கு மேல எரிஞ்சுட்டு இருக்கும், கீழ இருட்டு. சென்சார் வச்சா யாரும் சுவிட்ச் போட ஓட வேண்டாம். ஈபி கனெக்ஷன் உள்ளாட்சி பேர்ல வாங்கணும், பக்கத்து வீட்டுலேந்து வயர் இழுக்குற வேலை வேண்டாம். குடிதண்ணி, டாய்லெட் ரெண்டையும் கேட் பக்கத்துல வைங்க, கழுவ ஆள் இல்லாம டாய்லெட் கட்டாதீங்க.

8. மாசச் செலவும் சாவியும்

இத கடைசியா எழுதுறேன், ஆனா சாமான் வாங்குறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடணும். கட்டுறதுக்கு நிதி கெடைக்கும், கழுவுறதுக்குக் கெடைக்காது. தோட்டக்காரர் சம்பளம், கரண்ட் பில், பல்பு, குப்பை, மணல். 120 வீடு, மாசம் 100 ரூபான்னா 12,000 வருது, அதுல எவ்ளோ வேலை வாங்க முடியும்னு பாத்துட்டு அதுக்குத் தகுந்த பார்க்கா பிளான் பண்ணுங்க. நீரூற்று, செயற்கை அருவி எல்லாம் மொத வருஷத்தோட மோட்டார் போய் கொசுத் தொட்டியா நிக்கும். பராமரிப்ப சங்கம் ஏத்துக்குதுன்னா உள்ளாட்சியோட ஒரு ஒப்பந்தம் எழுத்துல போட்டுக்கோங்க, எது உங்க பொறுப்பு, எது அவங்க பொறுப்புன்னு, குறிப்பா மரக்கிளை வெட்டுறது யாருன்னு.

நேரம் பத்தி ஒரு சண்டை வரும். காலை 5லேந்து 9, சாயங்காலம் 4லேந்து 8, நடுவுல பூட்டுன்னு எல்லா எடத்துலயும் ஒரு பழக்கம் இருக்கு. எனக்கு இதுல உடன்பாடே இல்ல. வெயில் உச்சத்துல இருக்குறப்பதான் நிழல் வேணும், அப்பப் போய் பூட்டி வச்சா மரம் யாருக்கு? மதியம் அங்க வர்றவங்க வீட்டு வேலை செய்றவங்களும் டெலிவரி பசங்களும் காய்கறி வண்டிக்காரரும்தான், அவங்க சங்கத்துல ஓட்டு போடாததால பூட்டு விழுது. பகல் முழுக்க தொறந்து வைங்க, ராத்திரி 9 மணிக்கு பூட்டுங்க.

வேலி, பாதை, மரம், பள்ளம் இவ்ளோ முடிஞ்சதும் ஜனங்கள உள்ள விட்டுடுங்க, திறப்பு விழாவுக்காக முடிஞ்ச பார்க்க நாலஞ்சு மாசம் பூட்டி வைக்கிற கூத்து நெறைய எடத்துல நடக்குது. விழா அப்புறம் நடக்கட்டும். கல்வெட்டு வைக்க கேட் பக்கத்துல நாலடி சுவர மட்டும் காலியா விட்டு வைங்க, யார் பேர் மேல வரணும்ங்கற பஞ்சாயத்த கட்சிக்காரங்க அவங்களுக்குள்ள பேசித் தீத்துக்கட்டும், அதுல மட்டும் சங்கம் தலையிட வேண்டாம்.